நின்றதா, கிடந்ததா

குரு என்றால் வெள்ளைத் தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றம்தான். இதில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் பியூலா. சீடருக்கு அறுபது. பெயர் ஆவுடையப்பன். நரை, தொப்பை, மூக்குக் கண்ணாடி எல்லாம் சீடரிடம்தான் இருந்தன.

பியூலா படித்தது காளானை. குழம்பு வைக்கிற காளான் இல்லை. அடிமரத்தில் தட்டைச் செருகி வைத்ததுபோல நீட்டிக்கொண்டு நிற்குமே, தட்டினால் கட்டை மாதிரி டொக்கென்று கேட்குமே, அந்தக் காளான். குற்றாலத்து மலையடிவாரத்தில் கிராம்பு காயவைத்த பழைய கிடங்கு ஒன்று இருந்தது. அதில் மேசை, நுண்ணோக்கி, மரப்பெட்டிகள் எல்லாம் போட்டு, எது எந்த இனம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிடங்குக்குள் போனால் இன்னும் கிராம்பு மணக்கும்.

ஆவுடையப்பன் செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் முப்பத்துநாலு வருஷம் ரம்பம் பிடித்தவர். ஒருநாள் மில்லை மூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை. நோய் ஒன்றுமில்லை. சும்மா படுத்திருந்தார். அவர் மனைவி கோமதி மட்டும் இல்லையென்றால் இன்னும் படுத்தேதான் இருந்திருப்பார். “எந்திரிச்சு எங்கயாவது போயிட்டு வாங்க, பாய்க்கே முதுகு வலிக்குது” என்று விரட்டிவிட்டாள்.

அப்படிக் கிளம்பியவர், குற்றாலத்தில் காளான் டீச்சர் ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கிடங்கு வாசலில் வந்து ஒரு சாக்கைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து காளான்கள் உருண்டன.

“இவன் முப்பத்துநாலு வருஷமா எனக்கு எதிரி, டீச்சர்.”

“காளானா?”

“ஆமா. இந்தத் தட்டு ஒட்டியிருந்தா மரம் உள்ள பொக்கைன்னு அர்த்தம். கோடாலிக் காம்பால தட்டித் தட்டித் தூரப் போட்டிருக்கேன். ஒரு நாளும் உன் பேரு என்னன்னு கேட்டதில்ல.”

“இப்ப எதுக்குக் கேக்கிய?”

“வேற வேலை இல்ல.”

பியூலா சிரித்துவிட்டார். “நல்ல காரணம். உள்ள வாங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றினார். ஆனால் படியேறவில்லை. “ஒண்ணு கேக்கணும் டீச்சர். வயசு அம்பத்தெட்டு. மில்லும் போச்சு. இனிமே இதப் படிச்சு நான் என்ன ஆவப்போறேன்?”

பியூலா மேசையிலிருந்த லென்ஸ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

முதல் வாரம் நாற்பது காளானைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார். சாயந்திரம் வந்து பார்த்தால் தரையில் நாற்பது குவியல். ஒவ்வொரு குவியலிலும் ஒரு காளான்.

“என்ன அண்ணாச்சி இது?”

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லயே டீச்சர்.”

“உங்களுக்கு எத்தன பிள்ளைய?”

“ரெண்டு பொண்ணு.”

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா?”

“அதெப்படி இருக்கும்? மூத்தவ அவ அம்மா மாதிரி வாயாடி. சின்னவ…” அங்கேயே நிறுத்திக்கொண்டார். தலையைச் சொறிந்தார்.

மறுநாள் காலையில் தரையில் ஒரே ஒரு குவியல் இருந்தது.

“இப்ப என்ன?”

“எல்லாம் ஒரே குடும்பம்னு விட்டுட்டேன்.”

பியூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடையப்பனும் சிரித்தார். மில் மூடிய பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு இருவருமாக உட்கார்ந்தார்கள். மேல்தோல் வழுவழுப்பா, சொரசொரப்பா? உள்சதை பழுப்பா, வெளுப்பா? ஒரு சொட்டுக் கார நீர் விட்டால் கறுக்கிறதா? அடிப்பக்கத்துத் துளை கண்ணுக்குத் தெரிகிறதா, லென்ஸ் வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் ஐந்து குவியல் ஆனது.

“அந்த அடிப்பக்கம் ஏன் ஊசியால குத்தின மாதிரி இருக்கு டீச்சர்?”

பியூலா வெளியே போய் பப்பாளி இலைக்காம்பு நாலைந்து ஒடித்து வந்தார். எல்லாம் உள்ளே குழல். நூலால் கட்டி, நிமிர்த்திப் பிடித்து, மேலே காய்ந்த மாவைத் தூவினார். மாவு நேராகக் கீழே இறங்கியது. கட்டைச் சாய்த்துப் பிடித்துத் தூவினார். மாவு குழலின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது.

“காளானோட விதை இந்த மாவு மாதிரிதான். ஒவ்வொரு துளையும் ஒரு குழல். குழல் செங்குத்தா இருந்தாத்தான் விதை வெளிய வரும்.”

“ஓஹோ. அதான் எப்பவும் வாயைக் கீழ வச்சுக்கிடுதானா?”

“எப்பவும்.”

ஆவுடையப்பன் அந்தப் பப்பாளிக் காம்பு காய்ந்து சுருங்கும்வரை அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடங்கில் ஒரு கண்டிப்பு உண்டு. காளான் உள்ளே வந்தால் கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வரவேண்டும். அதில் மூன்று கேள்விகள். எந்த மரம்? தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மரம் நின்றதா, கிடந்ததா?

முதல் கேள்வியில் ஆவுடையப்பனை யாரும் அசைக்க முடியாது. இலை வேண்டாம், பூ வேண்டாம். காளானோடு வந்த மரச்சிம்பை மோந்து பார்த்தே அயனி, வேங்கை, மருது என்று சொல்லிவிடுவார். பியூலா வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். உயரத்தையும் ஒழுங்காக எழுதிவிடுவார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதிலே இருக்காது.

“நின்னுதா, கிடந்துதா, அண்ணாச்சி?”

“எப்படி இருந்தா என்ன டீச்சர்? மரம் மரந்தான?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மில்லுக்கு வருகிற மரம் எல்லாம் படுத்துக்கொண்டுதான் வரும். முப்பத்துநாலு வருஷமாக நின்ற மரத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. பியூலா வற்புறுத்தவும் இல்லை. “என்னைக்காவது நீங்களே எழுதுவிய” என்று சொல்லி விட்டுவிட்டார்.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. இடையிடையே ஆவுடையப்பன் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பார். இதப் படிச்சு நான் என்ன ஆவப்போறேன் டீச்சர்? பியூலா ஒவ்வொரு தடவையும் அவர் கையில் எதையாவது கொடுப்பார். ஒரு தடவை தூரிகை, ஒரு தடவை டீ.

ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்த ஒருநாள், ஆவுடையப்பன் நனைந்துகொண்டே ஓடிவந்தார். அறுபது வயதில் ஓடக்கூடாது, ஓடினார். மடித்த வேட்டிக்குள் பிள்ளையை ஏந்துவதுபோல எதையோ ஏந்தியிருந்தார்.

“டீச்சர், ரெண்டு வாய்!”

மேசையில் வைத்தார். முறத்தில் பாதி அகலம் இருக்கும். ஒரு முகத்தில் துளைகள். அதற்குக் குறுக்காக, விளிம்பிலிருந்து புறப்பட்ட இன்னொரு முகத்திலும் துளைகள். ஒன்று கீழே பார்த்தால் மற்றது பக்கவாட்டில் பார்த்தது.

“எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல டீச்சர். ரெண்டு வருஷமா நீங்க குடுத்த படம் பூராத்தையும் பாத்தாச்சு. ஒரு வாய்தான் எல்லாத்துக்கும். இவனுக்கு ரெண்டு! புது இனம்!”

பியூலா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. “சீட்டு எங்க?” என்றார்.

மரம்: அயனி. உயரம்: இடுப்பளவு. அதற்குக் கீழே வழக்கம்போல வெறும் இடம்.

“எழுதி முடிங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம வெட்டிப் பாத்துட்டு அனுப்புவோம்.”

‘வெட்டி’ என்ற சொல் ஆவுடையப்பன் காதில் விழவே இல்லை. அவர் ஏற்கனவே போனில் இருந்தார்.

“ஏளா கோமு, புதுக் காளான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். கண்டுபிடிச்சவன்தான் பேரு வைக்கணும். உன் பேரத்தான் வைக்கப்போறேன்.”

“எம் பேரையா? காளானுக்கா?”

“ஆமாளா.”

“முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சேல கூட நீங்களா எடுத்துத் தந்ததில்ல. இப்பக் காளானா?” என்றாள். ஆனால் அவள் குரல் சிரித்தது. அன்று பொழுது அடைவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூத்தவளின் மாமியாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆவுடையப்பன் நான்கு நாள் உட்கார்ந்து, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பவென்று அந்தப் புதுக் காளானைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினார். எழுத எழுத அவருக்குத் தோன்றியது இதுதான்: மில் மூடினால் என்ன, படுத்துக் கிடந்தால் என்ன, உலகத்தில் புதிதாக ஒன்றைக் காட்டிவிட்டுத்தான் போகப்போகிறேன். அந்த நான்கு நாளும் ‘நான் என்ன ஆவப்போறேன்’ என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கோமதி வந்து இறங்கினாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் ஒரு தூக்குவாளி முந்திரிக்கொத்து.

“எங்க டீச்சரம்மா பிள்ள? காதுல மூணு தடவ பேரு சொல்லணுமா?”

“காது எதுன்னுதான் பாக்கணும் அக்கா” என்றார் பியூலா. ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

கோமதி காளானைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லாக் கெட்டியா இருக்கு. எம் பேருக்குப் பொருத்தந்தான்.”

பியூலா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன ரம்பத்தை எடுத்து ஆவுடையப்பன் முன்னால் வைத்தார்.

“வெட்டுங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் முகம் வெளுத்தது. “எத டீச்சர்?”

“இதத்தான். நடுவுல.”

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு டீச்சர்! அந்த ஓடைக்கரை பூராத் தேடிட்டேன், வேற கிடையாது.”

“உள்ள பாக்காம எப்படிப் பேரு வைக்க?”

“வெளியதான் ரெண்டு வாயும் தெளிவாத் தெரியுதே.”

“தெரியுது.”

“வெட்டிட்டா அப்புறம் இது இதா இருக்காதே டீச்சர்.”

பியூலா ரம்பத்தின் கைப்பிடியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான்.

கோமதி புருஷனைப் பார்த்தாள். ரெண்டரை வருஷம் கழித்து அவர் கையருகே ஒரு ரம்பம் இருந்தது. “ஏங்க, ரம்பத்தப் பாத்து நீங்க பயப்படுதியளா?” என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. ஆவுடையப்பன் ரம்பத்தை எடுத்தார். பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். காளானை முழங்காலுக்கிடையில் இடுக்கினார். ஒரு மூச்சு இழுத்துப் பிடித்தார்.

இழுப்பு ஒரே சீராகப் போனது. பிசிறில்லை, கோணலில்லை. காபிப்பொடி நிறத்தில் தூள் கொட்டியது. காளான் ரெண்டு பாதியாக விழுந்தது. வெட்டு முகம் இழைத்த பலகை மாதிரி பளபளத்தது.

“அடேயப்பா!” என்றார் பியூலா. அது வாயிலிருந்து தானாக வந்தது. “நான் வெட்டினா இதுல பாதி பிஞ்சிருக்கும்.”

ஆவுடையப்பன் அதைக் கேட்கவில்லை. அவர் வெட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் ரேகை படித்த கண் அது. உள்ளே மெல்லிய குழல்கள், அடுக்கடுக்காக. ஏழு அடுக்கு ஒரே திசையில் போனது. ஏழாவது முடிந்த இடத்தில் ஒரு வளைவு. அதற்கப்புறம் நாலு அடுக்கு அதற்குக் குறுக்காக.

“ஒரு மழைக்காலத்துக்கு ஒரு அடுக்குன்னு வச்சுக்கிடுவோம்” என்றார் பியூலா. “சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஆவுடையப்பன் பாதியைக் கையில் எடுத்தார். ஏழு அடுக்கின் குழல்கள் செங்குத்தாக இருக்கும்படி பிடித்தார். பழைய வாய் கீழே பார்த்தது. மெல்லத் திருப்பினார். நாலு அடுக்கின் குழல்கள் செங்குத்தாயின. இப்போது புது வாய் கீழே பார்த்தது. மறுபடியும் அப்படி. மறுபடியும் இப்படி. பப்பாளிக் காம்பைப் பிடித்துப் பார்த்த அதே கை.

“டீச்சர்,” என்றார். “இந்த ஏழுக்கும் மரம் நின்னிருக்கு.”

“ம்.”

“அப்புறம் விழுந்திருக்கு.”

“ம்.”

“கிடந்த மரத்துலருந்துதான் எடுத்தேன். இடுப்பளவுக்கு ஓடையில குறுக்கக் கிடந்துது. ரெண்டு வாய் இல்ல டீச்சர். ஒரே வாய்தான். மரம் விழுந்ததும் திரும்பியிருக்கு.” சீட்டை எடுத்துப் பார்த்தார். அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். “இத எழுதியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். பழுப்புச் சதை, கார நீருக்குக் கறுக்கிற ஜாதி. அவரே பேர் எழுதி ஒட்டி வைத்த பதினேழு காளான்கள் உள்ளே இருந்தன. பதினேழும் இதே இனம். பதினெட்டாவதாக இதையும் உள்ளே வைத்தார்.

பதினோரு பக்கத்தையும் எடுத்து மடித்தார். மறுபடியும் மடித்தார். கோமதியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இது புதுசு இல்லியா?” என்றாள் கோமதி.

“இல்லளா. ஏற்கனவே பேரு இருக்கு.”

கோமதி பியூலா பக்கம் திரும்பினாள். “டீச்சரம்மா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இவரு நம்பியிருப்பாருல்லா?”

“நம்பியிருப்பாரு. அதனாலதான் சொல்லல.”

கோமதி பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பாதியை எடுத்து வளைந்த இடத்தை விரலால் தடவினாள்.

“கெட்டிக்காரப் பய. கீழ விழுந்தும் தல சுத்தாம திசை பாத்திருக்கான் பாருங்க.” தூக்குவாளியைத் திறந்தாள். “பேரு இருக்குற பிள்ளைக்கு இன்னொரு பேரு எதுக்கு? எம் பேரு எங்கிட்டயே இருக்கட்டும். முந்திரிக்கொத்து நமுத்துப் போவும், தின்னுங்க ரெண்டு பேரும்.”

“தெருவுல கேட்டா என்னளா சொல்லுவ?”

“வெட்டிக் காட்டுனாருன்னு சொல்லுவேன். எவளுக்காவது அவ வீட்டுக்காரரு இப்படி வெட்டிக் காட்டியிருக்காரா?”

பியூலாவுக்கு வாய் நிறைய முந்திரிக்கொத்து. சிரிக்கவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நின்ற தண்ணீரோடேயே சிரித்தார்.

பிறகு சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். மூன்றாவது கேள்விக்கு எதிரே நிதானமாக எழுதினார்: நின்றது. பிறகு கிடந்தது.

பியூலா அதை வாங்கிப் படித்தார். ரெண்டு வருஷத்தில் முதல்முறையாக மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. வெட்டிய பாதியோடு சேர்த்து, உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வாசலுக்கு நேரே உள்ள அலமாரித் தட்டில் வைத்தார்.

வெளியே சாரல் விட்டு வெயில் அடித்தது. ஆவுடையப்பன் தட்டருகே போய் நின்று வெட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு, வளைவு, நாலு.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“அவ்வளவு பெரிய அயனி. அது சாஞ்சப்ப என்னமா அதிர்ந்திருக்கும்? வேரோட பேந்து கிடக்கு. இது அதுலயே ஒட்டிப் பிழைச்சது. எல்லாம் போச்சுன்னு இதுவும் அப்படியே கிடந்திருக்கலாம்லா? எப்படி டீச்சர் திரும்புச்சு?”

பியூலா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். லென்ஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“விழுந்தது மரந்தான அண்ணாச்சி?”